திரும்ப எடுத்துப் பார்த்தாயா?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரிப்ட் கிடைத்தது. வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் தினமும் ராத்திரி 2 மணிக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்கிறது. "இது போதுமா அக்கா? பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் சர்வரோடு நிற்காமல் சொந்த வீட்டுக்கும் இவ்வளவு மெனக்கெடுகிறாயே, அதுவே பெரிய விஷயம். நூறு சர்வருக்கு பேக்கப் போடுகிறவர்களில் பலர் தங்கள் லேப்டாப்பை ஆண்டவன் விட்ட வழி என்று விட்டிருப்பார்கள். உன்னைப் போலப் புதிதாக இந்த வேலைக்கு வருகிற மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று, பதிலைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஸ்கிரிப்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. அந்த டிஸ்க்கிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பார்த்தாயா?

பேக்கப்பைத் தானாக ஓட விடுவதில் ஒரு சங்கடம் உண்டு. கையால் எடுக்கிற காலத்தில் அடிக்கடி மறந்துபோவோம். ஆனால் மறந்துவிட்டோமே என்று மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும். தானாக ஓட ஆரம்பித்த மறுநாளே அந்த உறுத்தல் போய்விடும். ஓடினாலும் உறுத்தாது, ஓடாவிட்டாலும் உறுத்தாது. அதனால் நகலெடுக்கும் வேலையை முழுக்க இயந்திரத்திடம் கொடுத்துவிடு. அதில் நம்மைவிட அது கெட்டிக்காரன். நகல் பயன்படுமா என்று பார்க்கும் வேலையை மட்டும் எந்தக் காலத்திலும் அதனிடம் விடாதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விவரம்.

முதலில், எதைக் காப்பாற்றுகிறாய் என்று பார்ப்போம். உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பாவின் கடைக் கணக்கு இருக்கிறது. தங்கை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்துவந்த நேர்காணல்களும், பாதி எழுதிய ஆய்வேடும் இருக்கின்றன. அம்மாவின் போனிலிருந்து இறக்கிய போட்டோக்கள், ஸ்கேன் செய்த பட்டா, பத்திரம், மார்க் ஷீட்டுகள் இருக்கின்றன. போனால் திரும்ப வராதவை இவை. உபுண்டுவை அரை மணி நேரத்தில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். உன்னுடைய கோடு எப்படியும் ஆன்லைனில் ஒரு கிட் கணக்கில் இருக்கும். தொலைந்துபோன நேர்காணலை எடுக்க வேண்டுமானால் அதில் பேசிய பாட்டி மறுபடி பேச வேண்டும்.

உன் ஸ்கிரிப்ட் ஹோம் ஃபோல்டரை அப்படியே அள்ளுகிறது. அதில் கேஷ் ஃபோல்டர், குப்பைத் தொட்டி, இறக்கிவைத்த ஐஎஸ்ஓ ஃபைல்கள், ஒவ்வொரு புராஜெக்டிலும் குவிந்து கிடக்கும் நோட் மாட்யூல்கள் எல்லாம் சேர்ந்துபோகின்றன. அவற்றைக் கழித்துவிடு, நேரமும் இடமும் மிச்சமாகும். ஆனால் கழிக்கிற வேகத்தில் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்களை மொத்தமாகத் தள்ளிவிடாதே. உன் எஸ்எஸ்எச் சாவிகள், ஜிபிஜி சாவிகள், ஒவ்வொரு மென்பொருளுக்கும் நீ செய்துவைத்த அமைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக வருவதால் அதன் புக்மார்க்குகள் ஸ்னாப் ஃபோல்டருக்குள் இருக்கும்; "ஸ்னாப்தானே, மறுபடி இறக்கிக்கொள்ளலாம்" என்று அதையும் கழித்துவிடாதே. ஹோமுக்கு வெளியே ஈடிசி ஃபோல்டரையும், நீயாக நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலையும் சேர்த்துக்கொள். பட்டியல் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்தான். புதுக் கம்ப்யூட்டரில் உட்காரும் நாளில் அதன் அருமை தெரியும்.

"டைம்ஷிஃப்ட் போட்டிருக்கேனே" என்று நீ சொல்லலாம். லினக்ஸ் மின்ட்டில் அது கூடவே வரும், நல்ல கருவியும்கூட. ஒரு அப்டேட் சிஸ்டத்தைக் கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும். ஆனால் நீயாக மாற்றாதவரை ஹோம் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை அது தொடாது. சிஸ்டத்தைக் காப்பதற்காக வந்த கருவியிடம் அம்மாவின் போட்டோவை எதிர்பார்க்கக் கூடாது.

இனி உன் ஸ்கிரிப்ட். ஆர்சிங்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் 1996இல் வெளியிட்ட கருவி அது. மெதுவான இணைப்பில் ஒரு ஃபைலின் இரண்டு பிரதிகளை ஒத்துப்போகச் செய்ய, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பினால் போதும் என்பது அதன் அடிப்படை யோசனை. டிரிட்ஜெல் அதை விளக்கி 1999இல் முனைவர் பட்ட ஆய்வேடே எழுதினார். ஒரே கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அந்தத் துண்டு வித்தை தேவைப்படாது. மாறிய ஃபைலை முழுசாகவே அது நகலெடுக்கும். மாறியதா இல்லையா என்பதை ஃபைலின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் வைத்து முடிவுசெய்யும். இதை ஞாபகம் வைத்துக்கொள். இரண்டும் மாறாமல் உள்ளே ஏதாவது கெட்டுப்போயிருந்தால் ஆர்சிங்க் கண்டுகொள்ளாது. செக்சம் பார்க்கும்படி நீ தனியாகச் சொல்ல வேண்டும்.

உன் நாலாவது வரியைப் பார். "ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கு" என்று நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறாய். ஸ்கிரிப்டிலேயே ஆபத்தான வரி அதுதான். டிஸ்க் செருகியிருக்கும் நாட்களில் ஒன்றும் ஆகாது. ஒருநாள் தங்கை பென் டிரைவ் போடுவதற்காக டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, திரும்பச் செருக மறந்துவிடுகிறாள் என்று வை. ராத்திரி ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ரூட்டாக ஓடுவதால் தடுக்க ஆளில்லை. மீடியா ஃபோல்டருக்குள் 'பேக்கப்' என்ற பெயரில் ஃபோல்டர் இல்லை, சரி, உருவாக்குகிறது. பிறகு ஹோமில் இருப்பதையெல்லாம் அதே கம்ப்யூட்டரின் அதே டிஸ்க்கில் இன்னொரு தடவை கொட்டுகிறது. ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டால் காலையில் லாகின்கூட ஆகாது. நிரம்பாவிட்டால் அதைவிட மோசம், ஏனென்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் நீ டிஸ்க்கைச் செருகும்போது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருப்பதால், டெஸ்க்டாப் அதை 'பேக்கப்1' என்று மவுன்ட் செய்யும். அன்றிலிருந்து உன் ஸ்கிரிப்ட் பொய் ஃபோல்டருக்கே விசுவாசமாக எழுதிக்கொண்டிருக்கும், உண்மையான டிஸ்க் பக்கத்திலேயே சும்மா இருக்கும். லாகைத் திறந்து பார்த்தால் எல்லா நாளும் வெற்றி என்றே இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். டிஸ்க்கை அதன் யுயுஐடி எண்ணை வைத்து எஃப்ஸ்டேப் ஃபைலில் ஒரு நிலையான இடத்தில் மவுன்ட் ஆகும்படி எழுது. டிஸ்க் இல்லாதபோதும் கம்ப்யூட்டர் பூட் ஆக வேண்டும் என்பதற்காக நோஃபெயில் என்று சேர்த்துக்கொள். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக, அந்த இடத்தில் உண்மையிலேயே டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று மவுன்ட்பாயின்ட் கட்டளையால் கேள். இல்லை என்றால் பிழையோடு வெளியேறு. எதையும் உருவாக்காதே.

அடுத்து டிலீட் ஆப்ஷன். மூலத்தில் அழிந்தது நகலிலும் அழியட்டும் என்று போட்டிருக்கிறாய். இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் போட்டோக்களைக் கம்ப்யூட்டரின் இரண்டாவது டிஸ்க்கில் வைத்திருந்து, அது ஒரு ராத்திரி மவுன்ட் ஆகாமல் போனால், ஆர்சிங்க் கண்ணுக்கு அது ஒரு காலி ஃபோல்டர். பிழை எதுவும் இல்லை, வெறுமனே காலி. மூலம் காலியென்றால் நகலையும் காலி செய், அதுதானே நீ கொடுத்த உத்தரவு? மூலத்தின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும் என்பதும் டிலீட்டோடு சேரும்போது விபரீதமாகும். டிலீட் போட்ட எந்தக் கட்டளையையும் முதல் தடவை டிரை ரன்னில் ஓட்டி, எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று கண்ணால் படித்துவிட்டுப் பிறகு ஓடவிடு.

இனி நேரம். ராத்திரி 2 மணி என்பது சர்வர்க்காரர்களின் பழக்கம். சர்வர் எந்நேரமும் விழித்திருக்கும். உன் வீட்டுக் கம்ப்யூட்டரை அப்பா 10 மணிக்கு சுவிட்சோடு அணைத்துவிடுவார். கிரான் தன் நேரத்தில் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் அந்த வேலையை அப்படியே விட்டுவிடும்; மறுநாள் வந்து பாக்கியை முடிக்காது. இதற்காகவே அனாக்ரான் வந்தது. இன்றைக்கு சிஸ்டம்டி டைமரே போதும். அதில் பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பை இயக்கினால், கடைசியாக எப்போது ஓடியது என்பதை டிஸ்க்கில் குறித்து வைத்திருக்கும். தவறிய முறை ஒன்று இருந்தால் கம்ப்யூட்டர் எழுந்ததும் ஓட்டிவிடும். கடைசியாக ஓடியது எப்போது, அடுத்து எப்போது என்பதை ஒரே கட்டளையில் பட்டியலாகவும் பார்க்கலாம். வீட்டுக்கு இதுதான் பொருத்தம்.

கிரானோடுதான் இருப்பேன் என்றால் அதன் குணங்களைத் தெரிந்துகொள். டெர்மினலில் அழகாக ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் படுத்துவிடும். காரணம் பெரும்பாலும் பாத்: உன் ஷெல்லுக்குத் தெரிந்த இடங்களில் பாதிகூட அதற்குத் தெரியாது. நீயாக யூஸ்ஆர் லோக்கலில் போட்ட புரோகிராமை அது தேடிக்கூடப் பார்க்காது. முழு முகவரி கொடு. இன்னொன்று, கிரான்டேப் வரிக்குள் % குறிக்குத் தனி அர்த்தம் உண்டு. அது புது வரியாக மாறிவிடும். நகலின் பெயரில் தேதி சேர்க்கலாம் என்று நினைத்து தேதிக் கட்டளையை நேராக அங்கே எழுதுகிறவர்கள் விழும் குழி அது. தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொள்.

இதைவிட முக்கியமான ஒன்று. கிரான் தன் வேலையின் வெளியீட்டை மின்னஞ்சலாக அனுப்பும். அந்தக் காலத்து யுனிக்ஸில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ளூர் அஞ்சல் இருந்தது. உன் உபுண்டுவில் இல்லை. அதனால் சிஸ்டம் லாகில், அஞ்சல் அனுப்ப ஆளில்லை, வெளியீட்டைத் தூக்கிப் போடுகிறேன் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். ஸ்கிரிப்ட் ஆறு மாசமாகப் பிழை என்று கத்திக்கொண்டிருக்கலாம், கேட்க ஆளே இருக்காது.

இது வீட்டுக்காரர்களுக்கு மட்டும் நேர்கிற அசட்டுத்தனம் என்று நினைத்துவிடாதே. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் நடந்ததைப் படித்துப் பார். அவர்களே ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வரில் இருந்த ஃபோல்டரை அழிக்க நினைத்து, முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால் தினசரி டம்ப் வைக்கும் இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவி 9.2ஆக ஓடியதால் ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்கள், கையொப்பச் சரிபார்ப்பில் தேறாததால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. ஐந்து வகைப் பாதுகாப்பு வைத்திருந்தும் ஒன்றும் நம்பும்படி இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக ஒருவர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்.

அந்த டம்ப் வேலையும் நேரம் தவறாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே இல்லாமல்போனது ஓசைதான். தோற்றால் சொல் என்று இயந்திரத்திடம் சொல்லிவைப்பது போதாது, ஏனென்றால் செத்துப்போனது வந்து சொல்லாது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் யார் மின்னஞ்சல் அனுப்புவது? அதனால் ஏற்பாட்டைத் திருப்பிப் போடு. வெற்றியைச் சொல்லட்டும், சொல்லாமல் போனால் வெளியே இருக்கிற வேறொன்று கூப்பிடட்டும். ஸ்கிரிப்ட் எல்லாம் முடித்த பிறகு, கடைசி வரியில், ஒரு இணைய முகவரியைத் தட்டிவிட்டு வரும்படி செய். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்கென்றே இருக்கின்றன. இரண்டு நாள் தட்டல் வரவில்லை என்றால் உன் போனுக்குச் செய்தி வரும். அவ்வளவு வேண்டாம் என்றால், கடைசியாக வெற்றி பெற்ற தேதியை ஒரு ஃபைலில் எழுதச் சொல். டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஃபைல் மூன்று நாளுக்கு மேல் பழையதா என்று பார்த்து, ஆமென்றால் சிவப்பில் ஒரு வரி காட்டட்டும். எதுவானாலும், ஆர்சிங்க் பிழையோடு முடிந்தால் அந்தக் கடைசி வரி ஓடவே கூடாது. உன் ஸ்கிரிப்டில் இப்போது 'முடிந்தது' என்று எழுதும் வரி, என்ன நடந்தாலும் ஓடுகிறது.

இதெல்லாம் திருத்திய பிறகும் உன்னிடம் இருக்கப்போவது நேற்றைய நிலையின் ஒரு கண்ணாடிப் பிரதி. அது போதாது. அப்பா கணக்கு ஷீட்டில் தெரியாமல் ஒரு பத்தியை அழித்துச் சேமித்துவிடுகிறார். அன்று ராத்திரியே உன் ஸ்கிரிப்ட் அந்தத் தவறைப் பத்திரமாக நகலெடுத்து, நல்ல பிரதியின் மேல் எழுதிவிடும். ஜிஎஸ்டி கட்டும் நேரத்தில், மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடிக்கும்போது எங்கும் பழையது இருக்காது. இரண்டு டிஸ்க்கை ரெய்டில் கோத்து வைத்தாலும் இதே கதைதான்; கூகுள் டிரைவோடு சிங்க் செய்தால் பழைய பதிப்பு கொஞ்ச காலம்தான் இருக்கும். டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும், மனிதக் கை பட்டால் காப்பாற்றாது. உனக்கு வேண்டியது நேற்று, போன வாரம், போன மாசம் என்று தனித்தனி நிலைகள்.

ஆர்சிங்க்கிலேயே இதைச் செய்யலாம். லிங்க்-டெஸ்ட் ஆப்ஷனைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முழு ஃபோல்டர் இருக்கும். மாறாத ஃபைல்கள் முந்தைய நாளின் ஃபைலுக்கே ஹார்டு லிங்க்காக இருப்பதால் இடம் வீணாகாது. ஆர்ஸ்னாப்ஷாட் இந்த வித்தையைத்தான் ஒழுங்காகக் கட்டி வைத்திருக்கிறது. ஒன்று கவனி: கடையில் வாங்கும் டிஸ்க்குகள் பல எக்ஸ்ஃபேட்டில் வரும். அதில் ஹார்டு லிங்க்கும் கிடையாது, லினக்ஸின் பெர்மிஷன்களும் நிற்காது. காலியாக இருக்கும்போதே எக்ஸ்ட்4ஆக ஃபார்மேட் செய்துவிடு.

நானாக இருந்தால் இன்றைக்கு ரெஸ்டிக் அல்லது போர்க் பக்கம் போவேன். போர்க் 2015இல் ஆட்டிக் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. ரெஸ்டிக்கும் ஏறக்குறைய அதே வயசு. இரண்டும் ஃபைல்களைத் துண்டுகளாக வெட்டி, ஒரே துண்டை இரண்டு தடவை சேமிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு தனி ஸ்னாப்ஷாட். தினசரி 7, வாராந்திரம் 5, மாதாந்திரம் 12 என்று சொல்லிவிட்டால் மற்றதை அதுவே கழித்துக்கொள்ளும். எந்த ஸ்னாப்ஷாட்டையும் ஒரு ஃபோல்டர் போல மவுன்ட் செய்து உள்ளே உலாவலாம். சேமித்தது கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளையும் உண்டு. மாசம் ஒருமுறை அதையும் டைமரில் போடு, டேட்டாவில் ஒரு பங்கையாவது படித்துப் பார்க்கச் சொல். கட்டளைகளே வேண்டாம், பட்டன் இருந்தால் போதும் என்று யாராவது கேட்டால் டெஜா டூப்பைக் காட்டு. அதில் ஒரு குறையும் இல்லை.

ரெஸ்டிக் எப்போதும் என்கிரிப்ட் செய்தே எழுதும். பாஸ்வேர்டு தொலைந்தால் உள்ளே இருப்பதும் தொலைந்தது. யாராலும் திறந்து கொடுக்க முடியாது. தானாக ஓடுவதற்காக அந்தப் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலில் வைத்திருப்பாய், அது சரி. ஆனால் அங்கே மட்டும் வைத்தால், வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே விட்டுவிட்டு வந்த மாதிரி. கம்ப்யூட்டர் போகும் நாளில்தான் பேக்கப் வேண்டும், அந்த நாளில் பாஸ்வேர்டும் அதோடு போயிருக்கும். ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வை.

அடுத்தது இடம். உன் டிஸ்க் எந்நேரமும் அதே மேசையில், அதே மின்சாரத்தில் செருகிக் கிடக்கிறது. ஒரு இடி இரண்டையும் சேர்த்து எடுக்கும். திருடன் ஒன்றை மட்டும் விட்டுப்போக மாட்டான். நீ இருப்பது தாம்பரம் பக்கம், தரைத்தளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரில் தரைத்தள வீடுகள் என்ன ஆயின என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேசைமேல் ஒரு பிரதி, மேசையடியில் ஒரு பிரதி என்பது அந்தத் தண்ணீருக்கு ஒரே பிரதிதான். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய கணக்கு ஒன்று உண்டு. இன்றைக்கு இரண்டு வகை ஊடகத்தைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். வேறு இடம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

வழிகள் இரண்டு. ஒன்று, இன்னொரு டிஸ்க் வாங்கி, மாசம் ஒருமுறை மாற்றி மாற்றி மாமா வீட்டில் வைப்பது. செலவு கம்மி, மறதி ஜாஸ்தி. இன்னொன்று, ரெஸ்டிக் நேராக இணையச் சேமிப்புக்கோ, ஊரில் தாத்தா வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்த ஒரு ராஸ்பெரி பைக்கோ அனுப்புவது. என்கிரிப்ட் ஆகியே போவதால் அங்கே இருப்பவர் யாரும் திறந்து பார்க்க முடியாது. முதல் தடவை ஏற்ற நாட்கள் பிடிக்கும். போட்டோவையும் நேர்காணலையும் முதலில் அனுப்பு, மற்றது பிறகு. அந்த தூரத்துப் பிரதியைச் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறையில் வை. போர்க்கிலும் ரெஸ்டிக்கின் சர்வரிலும் அந்த வசதி இருக்கிறது. உன் கம்ப்யூட்டரில் ஏதாவது புகுந்தால், அது எட்டுகிற டிஸ்க்குகளையெல்லாம் அழிக்கும். எழுத மட்டும் முடிந்த, அழிக்க முடியாத ஒரு இடம் அப்போது தப்பும்.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் எதையாவது வைத்திருந்தால் அதன் ஃபைல்களை அப்படியே நகலெடுக்காதே. பாதி எழுதிய நிலையில் பிடித்துக்கொண்டு வரும். முதலில் அதன் சொந்தக் கருவியால் டம்ப் எடுத்து, டம்ப்பை நகலெடு.

இவ்வளவும் செய்த பிறகுதான் நம் கையில் இருக்கும் வேலை தொடங்குகிறது. நாட்காட்டியில் மூன்று மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள். முதலில் ஒரே ஒரு ஃபைல்: அப்பாவின் கணக்கு ஷீட், இன்றையது வேண்டாம், மூன்று வாரம் முந்தையது. எடுத்து, லிப்ரே ஆபீஸில் திறந்து, எண்கள் இருக்கின்றனவா என்று பார். அடுத்து ஒரு ஃபோல்டர்: நேர்காணல்களை வேறு இடத்தில் மீட்டு, செக்சம் போட்டு மூலத்தோடு ஒப்பிடு; அதோடு விடாமல் இரண்டு பதிவையாவது ஓடவிட்டுக் கேள். ரூட்டாக மீட்டால் சில சமயம் ஃபைல்கள் உன் பெயரில் இல்லாமல் ரூட் பெயரில் வந்து நிற்கும், திறக்கப் போனால் அனுமதி இல்லை என்னும். அதை அவசர நாளில் முதன்முறையாகப் பார்க்காதே. வருஷம் ஒருமுறை, வேறொரு பழைய லேப்டாப்பையோ காலி டிஸ்க்கையோ வைத்துக்கொண்டு, லைவ் யுஎஸ்பியிலிருந்து தொடங்கி முழு ஹோம் ஃபோல்டரையும் மீட்டுப் பார். உன் கம்ப்யூட்டர் எரிந்துபோய்விட்டதாக வைத்துக்கொள். அதிலிருந்து ஒரு பாஸ்வேர்டையோ ஒரு சாவியையோ எடுக்கக் கூடாது. பாதியில் "ஐயோ, அது அந்த மெஷின்ல இருக்கே" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாய். அந்தச் சோதனையின் பலன் அந்த இடம்தான். தாளில் எழுதிச் சேர்த்துக்கொள்.

கடைசியாக ஒன்று. இந்த ஏற்பாடு முழுவதும் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் நீ. நாளைக்கு உன்னை பெங்களூருக்கோ அபுதாபிக்கோ அனுப்பிவிட்டால், டிஸ்க் நன்றாக இருந்தும், பாஸ்வேர்டு பீரோவில் இருந்தும், உன் தங்கைக்கு அந்த நேர்காணல் கிடைக்காது. ஆகவே அரைப் பக்கத்துக்கு மிகாமல், டிஸ்க் எங்கே, பாஸ்வேர்டு எது, எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது என்று தமிழில் எழுதி வை. அடுத்த சோதனை ஞாயிறன்று அவளை உட்காரவைத்து, அந்தத் தாளை மட்டும் கையில் கொடு. நீ பக்கத்தில் இரு, கீபோர்டைத் தொடாதே, வாயையும் திறக்காதே. அவள் தடுமாறும் ஒவ்வொரு இடமும் நீ எழுத மறந்த ஒரு வரி. அவள் தானாகவே ஒரு பதிவை எடுத்து ஓடவிடும்வரை தாளைத் திருத்திக்கொண்டே இரு. எத்தனை இடத்தில் நின்றாள், மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா